பாலத்தோடு நின்றுபோகும் காகிதம்

மார்ச் 4, 2024, திங்கள்
நியூயார்க் மாநிலத்திலிருந்து

ஹெய்டிக்கு,

நேற்று உன்னிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஏன் கத்தினேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று நீ முதியோர் இல்லத்திலிருந்து கூட்டிவந்த அம்மா உன் காரில் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் லாயிட் வாசலில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு ரோஜர் தன் ரோந்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் ஷெரிஃப் அலுவலகத்து அதிகாரி என்பது உனக்கு நினைவிருக்கிறதா? அவருக்கும் உன் கார் டிக்கிக்கும் நடுவே பத்தடி கூட இல்லை.

அம்மாவின் சக்கர நாற்காலியை எடுக்கத்தான் டிக்கியைத் திறந்தேன். அதன் கீழே அந்தக் கறுப்புப் பெட்டி. சின்னப் பூட்டு. "இது என்ன?" என்று கேட்டேன். "பூட்டித்தானே வெச்சிருக்கேன், சட்டப்படிதான்" என்றாய், குழந்தைக்குச் சொல்வது போல. அதனால்தான் "எடுத்துக்கிட்டுப் போ, இப்பவே போ, அதோட இந்தப் பக்கம் வராதே" என்றேன்.

பத்தொன்பது வருடமாக கவுண்டி அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கைத்துப்பாக்கி உரிமத்துக்கான விண்ணப்பங்கள் என் கை வழியாகத்தான் போகின்றன. எனக்குத் தெரியும், ஹெய்டி. உன் பென்சில்வேனியா உரிமத்துக்கு இங்கே நூலக அட்டைக்கு உள்ள மதிப்புதான். பூட்டிய பெட்டி போதும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது இந்த மாநிலத்தைக் கடந்து வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு. இங்கே வந்து இறங்கி, அம்மாவோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கு அல்ல. நியூயார்க் உரிமம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே இங்கே குற்றம். வருடக்கணக்கில் சிறை. போன இலையுதிர் காலத்தில் ஓஹையோ பெண் ஒருத்தி என் கவுண்டரில் நின்று அழுதாள். "எங்க ஊர்ல இது செல்லுங்க, சத்தியமா செல்லுங்க" என்றாள். அவள் கணவன் அப்போது லாக்கப்பில் இருந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா பேசும்போது நீ அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கதவைத்தான் பார்க்கிறாய். அது அவளுக்குத் தெரிகிறது.

இதை மாநிலத் தலைநகரில் இருக்கும் அந்த மாற்று அஞ்சல்பெட்டிக்குத்தான் அனுப்புகிறேன். அங்கிருந்து உனக்கு வர எத்தனை நாள் ஆகுமோ. சொந்தத் தங்கையின் வீட்டு எண்ணும் தெரியாது, போன் எண்ணும் தெரியாது.

க்வென்


மார்ச் 10, ஞாயிறு
பென்சில்வேனியா

க்வென்,

உன் கடிதம் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சட்டம் தெரிந்தவள் நீ. எனக்குத் தெரிந்தது நான் விட்டுவந்த என் கணவன் டேரிலை மட்டும்தான்.

வீட்டு எண் தெரியாது என்று குறைப்பட்டிருக்கிறாய். போன வருடம் உனக்குத் தெரிந்திருந்தது. டேரில் உன் வீட்டுக் கூரையின் மழைத்தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்தான். நீ அவனுக்குக் குடிக்க எலுமிச்சைச் சாறும், என் முகவரியும் கொடுத்தாய். நாலாம் நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "உன் அக்காதான் சொன்னா. உன் குடும்பமே என் பக்கம்தான், செல்லம்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்கப்புறம் நடந்ததை நீதிமன்றத்தில் ஒருமுறை சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

அதனால்தான் என் இடம் யாருக்கும் தெரியாமலிருக்க அரசு கொடுத்த அந்த மாற்று அஞ்சல்பெட்டி. அவன் என் பழைய போனில் எதையோ ஏற்றிவைத்து நான் போகும் இடமெல்லாம் தெரிந்துவைத்திருந்தான். அதனால்தான் என் போன் எண் யாருக்கும் கிடையாது, உனக்கும்கூட.

என் மேசை மேல் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, அவன் என்னை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு. அது ஐம்பது மாநிலத்திலும் செல்லும் என்று நீதிபதி சொன்னார். இன்னொன்று, அவன் நெருங்கினால் என்னைக் காத்துக்கொள்ள நான் வைத்திருப்பதற்கான உரிமம். அது நம் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே உள்ள பாலத்தோடு நின்றுபோகும். என் கார் ஓட்டும் உரிமம் அந்தப் பக்கம் செல்லும். அவனோடு நடந்த கல்யாணம்கூடச் செல்லும். இது மட்டும் செல்லாது.

அவன் வேலை செய்வது உங்கள் பக்கத்தில். கேஸ் டேங்கர் ஓட்டுகிறான். நான் எங்கே இருக்கிறேன் என்று அவனுக்கு இப்போது தெரியாது. ஆனால் எங்கே வருவேன் என்று தெரியும். அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு. உலகத்தில் என்னைத் தேட அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் அதுதான்.

கதவைப் பார்க்கிறேன் என்றாய். ஆமாம், பார்க்கிறேன். வேறு யாரும் பார்ப்பதில்லையே.

ஹெய்டி


மார்ச் 17, ஞாயிறு

ஹெய்டி,

எலுமிச்சைச் சாறு என்று எழுதியிருந்த இடத்தில் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அவன் அழுதான். உன்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னான். நான் நம்பினேன். கவுண்டரில் எத்தனை பொய்களைக் கேட்கிறேன், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. லாயிட் அன்றே சொன்னார்: "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுத்திருக்கலாமே, க்வென்." அவர் மேல் எரிந்து விழுந்தேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அதே தப்பை மறுபடி செய்தவள் ஆவேன். போன புதன்கிழமை முதியோர் இல்லத்துக்கு கேஸ் நிரப்ப வந்தது அவன்தான். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் "ஹெய்டி எந்தக் கிழமையில வருவா? சும்மாதான் கேக்கறேன்" என்று கேட்டிருக்கிறான். அவள் பதில் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். மறுநாளே உன் நீதிமன்ற உத்தரவின் பிரதியை இல்லத்தில் ஒன்றும் ரோஜரிடம் ஒன்றும் கொடுத்துவிட்டேன். ரோஜர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தகராறு பண்ணினா உடனே கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டு அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். உன் பெயருக்கு இங்கே உரிமம் வாங்க வழி இருக்கிறதா என்று விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் கவுண்டியில் வசிக்க வேண்டும், இல்லை வேலை பார்க்க வேண்டும். அந்த வரியை எத்தனையோ பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். முதல் தடவையாக யாரோ எனக்கு வாசித்துக் காட்டியது போல இருந்தது.

அது இல்லாமல் வா, ஹெய்டி. நான் கூடவே இருக்கிறேன். அம்மா உன்னைக் கேட்கிறாள். பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. "சின்னவ எங்க, பஸ்ஸை விட்டுட்டாளா?" என்கிறாள்.

க்வென்


மார்ச் 25, திங்கள்

க்வென்,

நீ அவனைப் பற்றிச் சொன்னது நல்லது. படித்தவுடன் வீட்டுக் கதவுகளைப் போய்ப் பார்த்தேன். பின்கதவை இரண்டு முறை. ஆனாலும் நல்லது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் கடைசியாக ஒரு தூண்டில் கடை இருக்கிறதே, நாம் சின்ன வயதில் புழு வாங்குவோமே, அது இன்னும் இருக்கிறது. வெர்ல்தான் இன்னும் நடத்துகிறார். காது சரியாகக் கேட்பதில்லை. மூடிப்போன பள்ளிக்கூடத்து இரும்பு லாக்கர்களை வாங்கிக் கடையின் பின்சுவரில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லாரும் காலையில் துப்பாக்கியை அங்கே பூட்டிவிட்டு, மாலையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவரவர் பூட்டு, அவரவர் சாவி. சினிமாக் கொட்டகை வாசலில் குடையை விட்டுப் போவது போலத்தான்.

சனிக்கிழமை அங்கே போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் தன்னுடையதை வைத்துக்கொண்டிருந்தார். "கழட்டி வெச்சா பேன்ட்டே நழுவுற மாதிரி இருக்கு, வெர்ல்" என்றார். "அந்தப் பக்கம் போனா அவனுங்க பேன்ட்டையும் கேப்பானுங்க, பத்திரம்" என்றார் வெர்ல். இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெர்ல் என்னைப் பார்த்து, "நீ ஆர்ட்டோட பொண்ணுதானே? பதினாலாம் நம்பர் காலியா இருக்கும்மா, எடுத்துக்க" என்றார். அப்பா பெயரை யாரோ சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

பூட்டினேன். சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டினேன். காரை அங்கேயே விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது, பழகிக்கொள்ள. பாதிவரை போனேன். எதிரே ஒரு கேஸ் டேங்கர் வந்தது. வெள்ளை நிறம். அவனில்லை, ஓட்டியது யாரோ கிழவர். ஆனால் கை தானாகவே பையின் பக்கவாட்டு அறைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் திரும்பி நடந்தேன்.

லாக்கரைத் திறந்தபோது வெர்ல் காபி ஊற்றிக் கொடுத்தார்.

அதை வைத்திருக்க எனக்கு ஆசை என்று நினைக்காதே. ஒவ்வொரு நாளும் அதன் கனம் எனக்குத் தெரிகிறது. இல்லாதபோது இன்னும் அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஹெய்டி


ஏப்ரல் 1, திங்கள்

ஹெய்டி,

சுருக்கமாக எழுதுகிறேன், இன்றைய தபாலில் சேர்க்க வேண்டும். அம்மா நாலு நாளாகச் சாப்பிடவில்லை. புட்டிங் இரண்டு கரண்டி, அவ்வளவுதான். வாரக்கணக்கு என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, நாள் கணக்காகவும் இருக்கலாம் என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பாலத்தின் நடுவில் நிற்பேன். நீ வெர்ல் கடையில் அதைப் பூட்டிவிட்டு நடந்து வா. பாதி தூரம்தான், உனக்கு அது ஏற்கெனவே பழக்கம். மிச்சப் பாதிக்கு நான் இருக்கிறேன். என் காரில் போகலாம். நான் முன்னால், நீ பின்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டாலும் சரி.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நிற்பேன்.

க்வென்


ஏப்ரல் 5, வெள்ளி

க்வென்,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஏன் என்று கடைசியில் தெரியும்.

உன்னிடமிருந்து இந்த வாரம் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் அம்மாவுக்கு ஏதோ என்று புதன்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். விலங்கு மருத்துவமனையில், என் வேலையில், ஒரு பூனையின் பெயரை மூன்று முறை தப்பாகக் கூப்பிட்டேன். வியாழக்கிழமைகளில் டேரிலின் தடம் வடக்கே ஏரிப்பக்கம் போகும். எட்டு வருடம் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் நான், அது தெரியும். அதனால் நேற்று லீவு போட்டேன்.

பதினாலாம் லாக்கரில் பூட்டினேன். இந்த முறை நடக்கவில்லை, காரிலேயே போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

அம்மா ஜன்னல் பக்கம் படுத்திருந்தாள். எவ்வளவு சின்னதாகிவிட்டாள். நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், க்வென். நீ எழுதியிருந்தாயே, அதற்காக. முதுகு முழுக்க எறும்பு ஊர்வது போல இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பஸ் வந்துருச்சா?" என்றாள்.

"இன்னும் வரலைம்மா. நேரம் இருக்கு."

"கை சில்லுனு இருக்குடி" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்வாளே, அதே போல என் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். நம் இருவருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனக்கு வாங்காமல், நம் பைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாளே, அப்படி.

கை வெளியே வந்தபோது அதில் என் உதிரி மேகசின் இருந்தது. துப்பாக்கிப் பிடிக்குள் சொருகுவோமே, தோட்டாக் கூடு, அது. பதினைந்து தோட்டா. துப்பாக்கியைப் பூட்டினேன், பையைத் துழாவினேன், டிக்கியைப் பார்த்தேன். குளிர்காலக் கோட்டின் பையை மறந்துவிட்டேன்.

அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஆர்ட்டோட மவுத்ஆர்கன்" என்றாள். "தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னாரே. நீதான் வெச்சிருந்தியா, திருட்டுக் கழுதை?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதை உதட்டில் வைத்து ஊதினாள்.

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இரண்டு முறை ஊதினாள். "அடைச்சிருக்கு" என்றாள். "சுத்தம் பண்ணிக் கொண்டாரேம்மா" என்று அதை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து வாங்கினேன். அவள் உதட்டைத் துடைத்துவிட்டேன். அப்புறம் அதே கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

உங்கள் பக்கம் பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் கூடே குற்றம் என்று எனக்குத் தெரியும். இல்லத்துக் குப்பைக் கூடையில் போடவா முடியும்? அதே கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பாலத்தை நோக்கி வந்தேன். அரை மைல் இருக்கும்போது பின்னால் சிவப்பு நீல விளக்கு.

ரோஜர். குனிந்து பார்த்தார். "நீங்க க்வென்னோட தங்கச்சிதானே? அதே மூக்கு" என்றார். "பின்னால பிரேக் விளக்கு ஒண்ணு எரியலை."

துப்பாக்கி வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: போலீஸ் நிறுத்தினால் அவர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு, அது மரியாதை, அதுதான் பாதுகாப்பு. அது எனக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது. வாய் தானாகத் திறந்தது. "சார், எனக்குப் பென்சில்வேனியா உரிமம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்தக் கரையில் இருக்கிறேன் என்று உறைத்தது.

அவர் முகம் மாறியது. "துப்பாக்கி வண்டியில இருக்கா?"

கழுத்துக் கயிற்றை இழுத்து லாக்கர் சாவியைக் காட்டினேன். "வெர்ல் கடையில. பதினாலாம் நம்பர்."

சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வெளியே எடுத்தால் நடுங்குவது தெரியும், எடுக்காவிட்டால் ஏன் உள்ளே என்று கேட்பார். எடுத்தேன். ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

"உங்க கோர்ட் உத்தரவு எங்கிட்ட இருக்கும்மா" என்றார். மெதுவாகச் சொன்னார். "பயப்படாதீங்க. வெர்ல்கிட்ட பல்பும் இருக்கும், மாத்திட்டுப் போங்க."

நல்ல மனிதர். அவரிடம் பொய் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லவும் இல்லை. பாலத்தைக் கடந்ததும் காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். வாழ்க்கையில் ஒரு ரூல் மீறாமல் இருக்க இத்தனை பாடுபட்டவள், பிரேக் விளக்குக்காகப் பிடிபட்டு, பதினைந்து தோட்டாவோடு தப்பித்திருக்கிறேன்.

கவுண்டியில் வேலை பார்ப்பவளிடம் இதை எழுதக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் எழுத?

இந்த உறையின் பின்பக்கம் என் முகவரி இருக்கிறது. உண்மையான முகவரி. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது உறை. இனி நேராக எழுது. ஐந்து நாள் பொறுக்க என்னால் முடியாது.

ஹெய்டி


ஏப்ரல் 9, செவ்வாய்

ஹெய்டி,

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். தூக்கத்தில். நான் பக்கத்தில் இருந்தேன்.

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திங்கள் காலைவரை தவித்தேன். மதியத் தபாலில் உன் கடிதம் வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்து அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு மைல்தான் நம் இருவருக்கும் நடுவே. நேரில் வந்திருக்கலாம். முகவரி கொடுத்த மறுநாளே தெரியாத கார் ஒன்று உன் வாசலில் வந்து நின்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். துரித தபால், நாளைக்கே வந்துவிடும் என்றார்கள்.

சனிக்கிழமை நான் பாலத்தில் நின்றேன். பத்திலிருந்து பன்னிரண்டரைவரை. மழையும் பனியும் கலந்து அடித்தது. வெர்ல் குடையோடு வந்து, "வியாழக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாளேம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது, உன் மேல் இல்லை, என் மேல்தான். வியாழன் மாலையே அம்மா சொன்னாள், "சின்னவ வந்தா, ஆர்ட்டோட மவுத்ஆர்கனைக் கொண்டாந்தா" என்று. தினமும் ஏதாவது சொல்வாளே என்று நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாய். போடவில்லை. அம்மா பேசியது அதில் இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் நான் தெரிந்தே மீறும் முதல் விதி இதுவாக இருக்கட்டும். ரோஜருக்கு ஒரு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

அடக்கத்தை இங்கே என் தேவாலயத்தில் வைப்பதாகப் பேசி முடித்திருந்தேன். நேற்று மாலை அதை ரத்து செய்துவிட்டேன். லாயிட் கேட்டார்: "எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சே, இப்ப எதுக்கு?" உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, எழுந்துபோய் போனை எடுத்து, பூக்கடைக்காரரிடம் அடக்கம் நடக்கப்போகும் புது இடத்தின் முகவரியைச் சொன்னார்.

உன்னை இந்தப் பக்கம் வரச் சொல்லப்போவதில்லை. அம்மாவை அந்தப் பக்கம் கொண்டு வருகிறேன். அவளுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்த அந்தச் சின்னத் தேவாலயம், உன் கரையில். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. சவப்பெட்டி மாநிலம் கடக்க ஒரு அனுமதிச் சீட்டு வேண்டுமாம், நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "பாலத்துல யாராவது நிறுத்துவாங்களா?" என்று கேட்டேன். அடக்க ஏற்பாடு செய்கிறவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இது எல்லா மாநிலத்துலயும் செல்லும்மா, யாரும் நிறுத்த மாட்டாங்க" என்றார். உன் மேசை மேல் இருக்கும் இரண்டு காகிதங்களை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. டேரிலுக்குத் தெரியாமல் இருக்காது, பத்திரிகையில் வந்துவிடும். வந்தாலும் வருவான். உன் பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன். அங்கே உன் உரிமம் செல்லும், அவ்வளவு போதும் எனக்கு. கோட்டுப் பையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். என் கையும் சில்லிட்டுத்தான் இருக்கும்.

முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை உனக்கு. நான் உனக்குப் பின்னால் திரும்பி நின்றுகொள்கிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார். கதவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

க்வென்